அப்பா டிக்கெட் கொடுத்த நாடகம்

நன்னிலம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளை அன்பரசனும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதினால் பாதி பொய்யாகிவிடும். அவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை, வயிறு நிறையச் சாப்பிடுகிறார், நடையில் என்னை முந்திக்கொண்டு போகிறார், போனதெல்லாம் ஞாபகம்தான், அது உனக்கே தெரியும். நம்முடைய ரெண்டு மா நிலத்திலும் சம்பா நட்டு பயிர் பச்சை பிடித்துவிட்டது, ஆனால் மழை விட்டபாடில்லை, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வயலிலேயே நிற்கிறது. போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், கடைசியில் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதிலாவது நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா.

போன மாதம் வீடியோ காலில் நடந்ததை நினைத்து நீ இன்னும் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்தான்ப்பா உங்க பொண்ணு, நல்லா பாருங்கப்பா, நான்தான்ப்பா என்று நீ அன்றைக்குக் கத்தக் கத்த அவர் முகம் எப்படிப் போனது என்று பார்த்தாயா? எம் பொண்ணு பத்தாவது படிக்குதுங்க, நீங்க வேற யாரோ, ஏன் என்னய அதட்டுறீங்க என்று சொல்லிக்கொண்டே போய் கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டார், நீ போனை வைத்த பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. சாயங்காலம் உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது, டிசம்பர் டிக்கெட்டை கேன்சல் பண்ணப்போறேன்மா, என்னை யாருன்னே தெரியாத வீட்டுக்கு நான் யாருக்காக வரணும் என்று. அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ கைக்கெட்டின தூரத்தில் இருந்திருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பேன். அப்புறம் கோபம் எங்கே போனதோ, அழுகைதான் வந்தது. அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஜூலியட் டீச்சரைத் தெரியுமே, அவர்தான் ஒரு சனிக்கிழமை வந்து, வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்தா நீயும் எல்லாத்தயும் மறந்துடுவ அம்சவல்லி, அண்ணனையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பு, பேரளத்துல நாடகம் என்று விரட்டினார். நாடகம் என்றால் திரை கட்டி வேஷம் போட்டு இருக்கும் என்று நினைத்துப் போனால் அங்கே ஒன்றுமில்லை. மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் களம், நாலு டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். பேச்சுவாக்கு நாடகக் குழுவாம், பேருக்கேற்ற மாதிரி கையில் கதையும் இல்லை வசனமும் இல்லை. அனீஸா என்று ஒரு பெண், உன் வயதிருக்கும், பகலில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், அவள்தான் குழுவுக்குத் தலைவி. அவள் நடுவில் வந்து நின்று, நாங்க ஒண்ணும் எழுதிட்டு வரலைங்க, எடத்த நீங்க சொல்லுங்க, ஆள நீங்க சொல்லுங்க, நடுவுல யாருக்காவது உள்ள வரணும்னு தோணுச்சுன்னா ஒரு தட்டு கையத் தட்டிட்டு வந்துடுங்க, வந்தவங்க என்ன சொன்னாலும் நாங்க இல்லன்னு சொல்ல மாட்டோம் என்றாள். யாரோ ரேஷன் கடை என்று கத்தினார்கள், உடனே ரேஷன் கடை. பாமாயில் போடுகிற இடத்தில் சண்டை வந்ததும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய் ஒரு ஏச்சு விட்டாள் பார், அந்த நடிகர் பிள்ளை உண்மையாகவே பயந்துபோனான். வெகுநாளைக்கு அப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்து ஒருத்தர் மாயவரம் நன்னிலம் பஸ் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா ரிட்டையராகிற வரைக்கும் கண்டக்டராக நின்ற ரூட்டு ஆயிற்றே! நாற்காலிகளை ரெண்டு வரிசையாகப் போட்டார்கள், பரிதி என்ற பையன், பையன் என்ன பையன், முப்பது வயது ஆள், டிரைவராக உட்கார்ந்து ஹாரன் அடித்தான். அதுவரைக்கும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தார். நான் கையைப் பிடித்தேன், வண்டி கெளம்புது விடுங்கம்மா என்று உதறிவிட்டுப் போய்விட்டார். கையும் தட்டவில்லை ஒன்றும் தட்டவில்லை, அவருக்கு எந்தச் சட்டம் தெரியும்? நான் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வரலாம் என்று பார்த்தேன், அனீஸா தூரத்திலிருந்தே வேண்டாம் என்று தலையசைத்தாள். படியில நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க, சில்லறையா எடுத்து வைங்க, போலாம் ரைட்! அடியே செம்மொழி, அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா. விரலை நாக்கில் தொட்டு வெறும் கையிலிருந்து டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார், ஒருத்தருக்குக்கூடத் தப்பான கட்டணம் சொல்லவில்லை. முதலில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, என்ன நின்னு வேடிக்க பாக்குறீங்க, இதான் கடசி வண்டி, ஏறுங்க என்று அதட்டினார். ஒவ்வொருத்தராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் போட்டு உட்கார்ந்தார்கள். நானும்தான் ஏறினேன். சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை, இது நடிப்பில்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

டிரைவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டார். யாருக்குண்ணே சீட்டு என்று பரிதி கேட்டான். பூந்தோட்டத்துல எம் பொண்ணு ஏறும், பாவம் பள்ளிக்கூடம் விட்டு அசந்து வரும் என்றார். மங்கைநல்லூர் வந்தது, ரெண்டு பேர் இறங்கினார்கள். பேரளம் எறங்கு என்று குரல் கொடுத்தார், பேரளத்து ஜனமெல்லாம் எழுந்து, பைகளை எடுத்துக்கொண்டு, வரோம் கண்டக்டரே என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வீட்டுக்கு நடந்துபோனார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அவர் மனசு கோணக்கூடாது என்று முன்பின் தெரியாத ஜனம் பாதி நாடகத்தில் இறங்கிப்போனதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பூந்தோட்டம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒரு நிமிசம் பொறுங்க, வந்துடும், வர்ற புள்ளதான் என்று எல்லாரிடமும் கெஞ்சினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் அனீஸா தோள்பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். நான்தான் உங்க பொண்ணு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை செம்மொழி. ஏறினாள், துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன்டி இவ்ளோ நேரம், டீச்சர் நிக்க வெச்சுட்டாங்களா, மூஞ்சி வாடிக்கெடக்கே என்று அவள் தலையைத் தடவினார். ஆமாப்பா என்றாள். சட்டைப் பையில் கையை விட்டு கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார், பையில் ஒன்றுமே கிடையாது, அவள் அதை வாங்கி வாயில் போட்டு மென்றாள். எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன். நீ உட்கார வேண்டிய இடத்தில் யாரோ பெற்ற பிள்ளை உட்கார்ந்து, நீ வாங்க வேண்டிய தடவலை வாங்கிக்கொண்டிருக்கிறாளே என்று.

சன்னாநல்லூர் போய் நன்னிலமும் வந்தது. ஜூலியட் டீச்சர்கூட இறங்கிப்போய் களத்து வாசலில் நின்றுகொண்டார். உன் அப்பா என்னிடம் வந்து, நீங்க எங்கம்மா எறங்கணும், கடசி ஸ்டாப்பு வந்துடுச்சே என்று கேட்டார். அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளம் துளி இல்லை. நீங்க எறங்குற எடத்துலதாங்க என்றேன், வேறென்ன சொல்லுவேன். அவர் ரெண்டடி பின்னால் போய்விட்டார். அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, நான் கல்யாணம் ஆனவன், வீட்ல அம்சவல்லி சோத்த வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டிருக்கும் என்றார். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை பாப்பா. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். பரிதி ஸ்டியரிங் பிடித்த கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவனே, டெப்போ வந்துடுச்சுண்ணே, கெளம்புவோம் என்று மெதுவாகச் சொல்லி வண்டியை நிறுத்தினான். அப்பா என்னைப் பார்த்து, பொம்பள தனியா வந்திருக்கீங்க, வாங்க நானே கொண்டாந்து விட்டுடுறேன் என்று கூடவே வந்தார். என் வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்.

இதனால் அவருக்குக் குணமாகிவிடும் என்று எண்ணிக்கொள்ளாதே. இனிமேல் இறங்குமுகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரங்க இல்ல, அப்புறமா வாங்க என்கிறார், கொட்டுகிற மழையில் நிற்கிறேன். நான் உங்க பொஞ்சாதிதாங்க என்று கதறினேன், நீ அன்றைக்குக் கதறின மாதிரியே. ம்ஹூம். கடைசியில், நன்னிலம் ஒரு டிக்கெட் குடுங்க என்றேன், உடனே திறந்து, நனஞ்சுட்டீங்களே, உள்ள வாங்கம்மா என்றார். ஞாயிறு தவறாமல் ரெண்டு பேரும் பேரளம் போகிறோம், இன்றைக்கும் இதை முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும். அவர்கள் நாடகம் பழகுகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், தோன்றினால் சேர்ந்துகொள்ளலாம், ரூபாய் ஒன்றும் கேட்பதில்லை, முடிந்தவர்கள் அரிசி கொடுக்கிறார்கள், சிலபேர் வீட்டில் அன்றைக்கு அவர்களுக்குச் சோறு. போன வாரம் நானும் உள்ளே போய் மாமியாராக நின்றேன், சிரிக்காதே. கொஞ்ச நேரத்தில் பேச்சு அடைத்துப்போய்விட்டது. நீங்க பதில் தேடுறீங்கம்மா, அவங்க குடுக்கிறத வாங்கிக்குங்க, போதும் என்றாள் அனீஸா. அதுதான் எனக்கு வரமாட்டேன் என்கிறது. அவர் கொடுக்கிறதை வாங்க வாங்க நெஞ்சு வலிக்கிறது. ஒரு நாள் நான் அவர் அக்கா, ஒரு நாள் ரேஷன் கார்டு பார்க்க வந்த அம்மாள். நீ வரும்போது உன்னை என்னவென்று கூப்பிடுவார் என்று என்னால் சொல்ல முடியாது, எதுவென்று சொன்னாலும் ஆமாங்க என்று வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார். உன் கதையைச் சொல்லி அனீஸாவிடம் புலம்பினேன். அக்கா வரட்டும்மா, பூந்தோட்டத்துல அவங்க ஏறட்டும், நான் எறங்கிக்குறேன்னு சொல்லுங்க என்றாள். அவள்மேல் இருந்த வயிற்றெரிச்சல் அன்றோடு போயிற்று.

மாப்பிள்ளையைக் காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்க விடாதே, இருமல் விட்டதா என்று எழுது. ஜூலியட் டீச்சர் உன்னை ரொம்ப விசாரித்தார். நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையாக, நோய் நொடி இல்லாமல், கடைசி வரைக்கும் முகம் மறக்காமல் வாழவேண்டும். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்கு இப்போது தெரியவில்லை. டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டாயா இல்லையா என்பதை முதலில் சொல். செய்திருந்தால் மறுபடி போடு.

யாருக்காக வரணும் என்று கேட்டாயே பாப்பா. இவ்வளவு நேரமும் அப்பாவைச் சொல்லியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு உன்னைத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியுமேடி! இந்த வீட்டில் என்னை இன்னாரென்று தெரிந்து கூப்பிட இப்போது ஒரு ஆள் இல்லை. வாசலில் வந்து நின்று அம்மா என்று ஒரு தடவை கூப்பிடு. எனக்காக வா.

இப்படிக்கு
உன் அம்மா
ரெ. அம்சவல்லி