அக்காவின் பைபிளில் நான் போட்ட வெட்டு

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து பின்கூடத்தில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நிற்கையில் நான் பிடித்த கெளுத்தியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது பவுண்டு.

"போன மாசம் இருபத்தஞ்சுன்னே?" என்றான் ஹாலிஸ். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் அவனுக்கு.

"அது வேற மீன்டா" என்றேன். அதே மீன்தான். மீன் என்றால் வளராதா?

அக்கா முகம் சரியில்லை. அவள் மகள் ரோடாவின் பள்ளியில் இந்த மாதம் பைபிள் போட்டியாம். போட்டி என்று பெயர்தான், அதுவும் ஒரு பரீட்சை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரே அறையில்தான் நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புகள் நடக்கின்றன. கணக்கு, வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிப்பது, கென்டக்கி வரலாறு எல்லாம் இருந்தாலும் பைபிள்தான் முதல் பாடம். அதில் தேறாவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் மேலே போக முடியாது. ஐந்தாம் வகுப்பு நடு வரிசை, ஆறாம் வகுப்பு ஜன்னலோர வரிசை. தோழிகள் எல்லாரும் ஜன்னலுக்குப் போக, எங்கள் ரோடா மட்டும் சின்னப் பிள்ளைகளோடு நடுவிலேயே உட்கார வேண்டியதுதான்.

பிள்ளை மெதுவாகப் படிப்பாள். எழுத்து ஓடுகிறது என்பாள். அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

"கவலைய விடு அக்கா. நான் அஞ்சாவது படிக்கும்போது இந்த மாநிலத்துலயே முதல் ஆளு. கோப்பையே குடுத்தாங்க."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காப்பியைக் கலக்கினாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"நிஜமாவா மாமா?" என்றாள் ரோடா. கண் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி.

"பின்ன?"

மார்ச் 5, செவ்வாய்

பயிற்சி தொடங்கியாயிற்று. மூடிய பைபிளை இடுப்பளவில் இரண்டு கையாலும் பிடித்து நிற்க வேண்டும். டீச்சர் வசன எண் சொல்லி "ஆரம்பம்" என்பார். அவர் பத்து எண்ணுவதற்குள் புரட்டி, வசனத்தின்மேல் விரல் வைத்து, ஓரடி முன்னால் வர வேண்டும். இதெல்லாம் ரோடா எனக்குச் சொன்னது. எனக்கு முன்பே தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

பைபிளில் ஒரே பக்கத்தில் முடிகிற ஆகமம் ஒபதியா, அதைச் சொன்னேன். தேடினாள், தேடினாள். நான் இருபத்துமூன்றுவரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். பைபிளை மூடினாள்.

"மாமா, உங்களுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?"

"விரல்லதாம்மா இருக்கு. ரத்தத்துல வரணும்."

மார்ச் 9, சனி

இன்றைக்குச் செய்த வேலையைப் போல வேறெவனும் இந்த மலைப் பக்கத்தில் செய்ய முடியாது. சும்மா சொல்லவில்லை. கார் சீட் தைக்கும் கடையில் தோலும் கத்தியுமாகக் கிடக்கிறவன் நான். நேற்று யோசனை வந்தது: அகராதியில் எழுத்துக்கு எழுத்து ஓரத்தில் அரைவட்டமாக வெட்டியிருக்கிறார்களே, அதுபோல பைபிளுக்கும் போட்டால்?

அக்கா பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது சபை கொடுத்த பைபிள் அது. கறுப்புத் தோல், பொன் விளிம்பு. பரீட்சை அன்று வீட்டுப் பைபிள்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால் ரோடாவுக்குக் கொடுத்திருந்தாள். அக்கா சட்டை ஃபேக்டரிக்குப் போன நேரம் பார்த்து, அரைவட்ட உளியைத் தீட்டி, ஒவ்வொரு ஆகமத்துக்கும் ஒரு வெட்டு. பிசிறில்லை. பொன் விளிம்பில் பிறை பிறையாக, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

ரோடா கட்டைவிரலை வைத்தாள். ஒபதியா. ஆறு எண்ணுவதற்குள்!

"மாமா! இது... வெச்சுக்கலாமா?"

"சாம்பியன் சொல்றேன், வெச்சுக்கலாம். ஜெயிக்கிறவங்க எல்லாம் இப்படித்தான் வெச்சிருப்பாங்க."

அக்காவிடம் இப்போது சொல்லவேண்டாம் என்றேன். ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 15, வெள்ளி

நாகூம் நாலு எண்ணுவதற்குள். ஹாலிஸிடம் மூன்று என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 22, வெள்ளி

என்னத்தச் சொல்ல.

சர்ச் நிறைய ஆள். எல்லாரையும் வரச் சொன்னது நான்தான். நான் தைத்துக்கொடுத்த சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவன் ஒருவனைக்கூட விடவில்லை. மூன்றாவது வரிசையில் புதுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து நடுவராக ஒரு பெரியவர் வந்திருந்தார். தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவர் பைபிளையும் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை.

ரோடாவிடம் வந்து நின்றார்.

"இது கூடாதே பாப்பா. அடையாளம் வெச்ச புத்தகம் போட்டியில கிடையாதுன்னு தெரியாதா? யார் வெட்டினது?"

ரோடா என்னைப் பார்த்தாள்.

நான் தொப்பிக்குள் பார்த்தேன். உள்ளே தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் — எழுந்திருடா, எழுந்திரு — கால் வரவில்லை. ஹாலிஸ் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஊரே உட்கார்ந்திருக்கிறது.

"நான்தான் சார்" என்றாள் என் அக்கா மகள்.

பெஞ்சிலிருந்த பைபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அவள் ஒரு வசனம்கூடச் சரியாக எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பிள்ளை "ஏமாத்துக்காரி" என்றது. எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அக்கா அந்தப் பைபிளை மடியில் வைத்து ஒவ்வொரு வெட்டாக விரலால் தொட்டுப் பார்த்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது மேல கத்தி வெச்சதக்கூட விடுடா. பிள்ளை உன்னப் பாத்துச்சு. நானும் பாத்தேன்."

மார்ச் 23, சனி

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

சர்ச்சுக்கும் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். யாருக்குச் சொல்லியனுப்பினேன்? யாரும் கேட்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

பள்ளி விட்டதும் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். லூரீன் டாக்கெட். நானும் அவளும் அதே அறையில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றேன், அவள் படித்து டீச்சராக வந்து அங்கேயே நிற்கிறாள்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். வாயைத் திறந்ததும் வேறு ஏதோ வந்தது.

"அது வந்து டீச்சர், நான் ராணுவத்துல ஜெர்மனியில இருந்தப்ப அங்க எல்லாரும் பைபிள இப்படித்தான்—"

"நீ எப்ப ராணுவத்துல இருந்தே?"

"...இல்ல."

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "ஒரு தடவையாவது இதுல நின்னவனுக்கு வெட்டு கூடாதுன்னு தெரியாமப் போகுமா? நீ நின்னதே இல்ல டெல்மர். நாம அஞ்சாவது படிச்ச வருஷம் ஜெயிச்சது நான். நீ வயித்துவலின்னு பின்பெஞ்சுல படுத்திருந்தே. அதுக்கு அடுத்த வருஷமும்."

அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷமாக நான் கோப்பை கோப்பை என்று அளந்தபோதெல்லாம் இவள் அதே பின்கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டுதானே இருந்தாள்!

"சரி, நான்தான் வெட்டினேன்" என்றேன். "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. சரின்னு நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு அன்னைக்கே தெரியும். ஏமாத்துக்காரின்னு அவளக் கூப்பிடறது அந்தப் பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை வா. அவங்ககிட்ட சொல்லு. அவளுக்கு இன்னொரு தடவை வெக்கிறேன்."

"பிள்ளைங்க முன்னாடியா?"

"வயித்துவலி வந்துராம பாத்துக்கோ."

மார்ச் 29, வெள்ளி

போனேன். காலையில் உண்மையாகவே வயிறு வலித்தது.

மூன்று வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நாற்காலிகள் இன்னும் அவ்வளவு சின்னவை. சொன்னேன்: வெட்டினது நான். ரோடா பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் எழுந்து நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. நான் எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை, பைபிளில் தேடியெடுக்க எனக்கு வராது, உங்கள் வயதில் எழுத்து எனக்கும் ஓடும், இப்போதும் ஓடுகிறது. அவ்வளவுதான். கூட ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வாய்வரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். ஹாலிஸின் பேரன்.

"அப்ப அந்த நாப்பது பவுண்டு மீனு?"

"பதினொண்ணு" என்றேன்.

சிரித்தார்கள் பாருங்கள்! லூரீன்கூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோடா சிரிக்கவில்லை. டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளை மட்டும் நிறுத்தினார்கள். வெட்டில்லாத பைபிள். எனக்கும் ஒன்றைக் கொடுத்து, "சும்மா உக்காராத, நீயும் எடு" என்றாள் லூரீன். ஒவ்வொரு எண்ணுக்கும் நானும் புரட்டினேன். நான் ஏசாயாவைத் தேடித் திணறிக்கொண்டிருக்கையில் ரோடா ஓரடி முன்னால் வைத்துவிட்டாள். மெதுவாகத்தான் எடுத்தாள். சிலது தவறியது. ஆனால் வெட்டை வைத்து அத்தனை நாள் புரட்டியதில் எதற்குப் பின் எது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. தேறிவிட்டாள். நிறைய மதிப்பெண் என்று எழுதக் கை அரிக்கிறது. தேறினாள், அவ்வளவுதான்.

வெளியே வரும்போது என் கையைப் பிடிக்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, "மாமா, ஏசாயா இவ்வளவு பெரிசு. அதுவா உங்களுக்குத் தெரியல?" என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். அக்கா பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

பாஸ்டர் ஆபகூக் என்றார். சுற்றிலும் பக்கங்கள் சரசரத்தன. நானும் புரட்டினேன், சபை வாசிக்கத் தொடங்கிவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா என் வெட்டில் கட்டைவிரலை வைத்துத் தன் பைபிளைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதை என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.