நாற்பத்தொரு கட்டங்கள்

மார்ச் 4, 2025 – செவ்வாய்

புதிய வேலை வந்திருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படங்கள். எந்த நாடு என்று குறிப்பு இல்லை. நம் வடமதுரைப் பக்கம் போலவே காய்ந்த தரை, நடுநடுவே தோட்டம். வண்டி, வீடு, ஆள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பன்னிரண்டு பெண்கள் கட்டம் போடுகிறார்கள், சரிபார்ப்பது நான். கையில் நீளமான பொருள் வைத்திருக்கும் ஆள் 'மூன்றாம் வகை'யாம். எதற்கு என்று மேனேஜர் பிராங்கிளினிடம் கேட்டேன். "எல்லைக் காவலுக்கு, நான்சி மேடம். கடத்தல்காரங்களப் பிடிக்க." நல்ல காரியம்தானே.

மார்ச் 11 – செவ்வாய்

புவனேஸ்வரி இன்று என்னோடு மல்லுக்கு நின்றாள். சித்தையன்கோட்டைப் பெண், விவசாயக் குடும்பம். நாற்பத்தொரு பேரை மூன்றாம் வகையில் சேர்க்காமல் 'சந்தேகம்' என்று போட்டிருந்தாள்.

"அக்கா, இது மம்பட்டிக்கா. தோள்ல போட்டுக்கிட்டுத் தண்ணி பாய்ச்சப் போறாரு. வாய்க்கா தெரியுது பாருங்க."

எனக்கும் வாய்க்கால் தெரிந்தது. ஆனால் 'சந்தேகம்' கூடினால் வாடிக்கையாளர் எங்களுக்குத் தரும் மதிப்பெண் குறையும். "விதியில என்ன இருக்கோ அதப் போடு, புவனா" என்றேன். அவள் போடவில்லை. மாலையில் நானே நாற்பத்தொன்றையும் மாற்றினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மார்ச் 12

மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. எல்லோருக்கும் பப்ஸ்.

மார்ச் 28 – வெள்ளி

புவனாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 'பிடிவாதம், சொன்னபடி செய்வதில்லை' – அறிக்கை கொடுத்தது நான்தான். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தபடி கேட்டாள்: "நான் தப்பாவாக்கா போட்டேன்?" போன் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூன் 16 – திங்கள்

 வாடிக்கையாளரிடமிருந்து பிராங்கிளினுக்குப் போன மெயில், தவறுதலாக எனக்கும் வந்துவிட்டது. ஒரு வீடியோ. 'உங்கள் உழைப்பின் பலன்' என்று தலைப்பு. சத்தமே இல்லை. வரப்பில் ஒருவர் நடக்கிறார். தோளில் ஏதோ நீளமாக. அவரைச் சுற்றிக் கட்டம் – நாங்கள் போடுவது மாதிரியே. 'மூன்றாம் வகை, 94 சதவீதம்.' கட்டம் சிவப்பாகிறது. அப்புறம் திரை முழுக்க வெள்ளை. புகை கலைந்தபோது வரப்பே இல்லை.

துப்பாக்கிதான் வைத்திருந்தாரோ? இருக்கலாம். இல்லாவிட்டால்? ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்!

ஜூன் 17

அந்த நாற்பத்தொன்றையும் திருத்தி அனுப்பலாம் என்றேன்.

"கம்ப்யூட்டர் அதப் படிச்சு முடிச்சிருச்சு மேடம்" என்றார் பிராங்கிளின். "நாம கட்டம்தான போட்டோம், குண்டா போட்டோம்? ஏன் மனசப் போட்டு உழப்பிக்கிறீங்க?"

அவரிடம் சொல்லாமல், படங்களின் எண்களைக் குறிப்பிட்டு, அவற்றின் வகை தவறு என்று வாடிக்கையாளருக்கு நானே எழுதினேன்.

ஜூன் 25

பதில் வந்தது. 'நன்றி. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது.'

ஜூலை 6 – ஞாயிறு

பூசை முடிந்ததும் சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். புவனா வீட்டு வாசலில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வேறு வேலை கிடைக்கவில்லையாம். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ போட்டதுதான் சரி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். 

"அதுல ஒருத்தர் பக்கத்துல வெள்ளாடு ஒண்ணு நின்னுச்சுக்கா. இன்னொருத்தர் கூட ஒரு பொம்பளை, தலையில கூடையோட. நெனப்பு இருக்கா?"

எனக்கு இல்லை. மாற்றும்போது நான் படங்களையே பார்க்கவில்லை. எண்களைத்தான் பார்த்தேன்.

"செத்த இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 31 – வியாழன்

அதே வாடிக்கையாளர், புதிய படங்கள். நாளை தொடக்கம். இன்று ராஜினாமா கொடுத்தேன். படிவத்தில் 'காரணம்' என்று நான்கு வரி இடம் விட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். பிராங்கிளின் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.