ஊறட்டும்

நவம்பர் 3, திங்கள்

மழை வர்ற மாதிரி மூட்டம் போட்டுட்டு ஏமாத்திருச்சு. புழுக்கம். காலையில ச. பார்த்தது, இருநூறுக்கு மேல. (ச. = சர்க்கரை. முழுசா எழுதுனா வாயில எச்சில் ஊறுது.)

டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்தாச்சு. வலது கால் பெருவிரல். புண்ணுக்கு அடியில சிவப்புச் சதை வர ஆரம்பிச்சிருக்காம். "சார், விரல் பிழைச்சாலும் பிழைக்கும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பார்ப்போம். சதை மேல வரலைன்னா எடுத்துரலாம்." எடுத்துரலாமாம். தேங்காய்க் குடுமியா அது?

தினம் கட்டு மாத்தணும். எஸ்தருக்கு ரத்தத்தைப் பார்த்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான். என்னையக் கேக்காம போன் போட்டுட்டா. யாருக்கு? அவனுக்கு.

"ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் கட்டுக் கட்டுன கை. ரிட்டயர்டு ஆகி சும்மாத்தான இருக்காரு."

அவன்னா என் கூடப் பிறந்தவன், இளையவன். கொட்டாம்பட்டியில இருக்கான். நானும் அவனும் பேசி எட்டு வருஷம். இந்த நோட்டுல அவன் பேர் வராது. கொ.ப. போதும்.

நவம்பர் 4, செவ்வாய்

வந்துட்டான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தே வந்திருக்கான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில ஒரு மஞ்சப் பை. வாசல்ல நின்னு "பிரைஸ் த லார்ட்"னு ஒரு சத்தம். எதிர் வீட்டு பேங்க் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

பழைய காஸ் துணி புண்ணோட ஒட்டிக் காஞ்சு கிடக்கு. அதை எடுத்துட்டுத்தான் புதுசு வைக்கணும். காலுக்கு அடியில பேசினை வச்சான். சலைன் பாட்டிலை எடுத்து மெதுவா ஊத்தினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அம்புட்டுத்தான். கையை மடியில வச்சுக்கிட்டு அந்தக் காலையே பார்த்துக்கிட்டு இருக்கான்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். "எதுக்கு உட்கார்ந்திருக்காரு? பிச்சுப்போட்டுட்டுக் கிளம்பச் சொல்லு."

அவனும் அவளைப் பார்த்துத்தான் சொன்னான். "ஊறட்டும் மதினி."

கால் மணி நேரம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை மறுபடி சலைன் ஊத்தினான். அப்புறம் துணி தானா வழுக்கிக்கிட்டு வந்துச்சு. வலி இல்ல. அதுதான் எரிச்சல்.

காபி குடிக்காமப் போயிட்டான். நல்லதாப் போச்சு.

நவம்பர் 5, புதன்

லேசாத் தூறல். எஸ்தர் வாங்கச் சொன்னது: பல்பு, கொத்தமல்லி, காலுக்கு ரெண்டு ரோல் பேண்டேஜ்.

கொ.ப. பத்து மணிக்கு. அதே ஸ்டூல், அதே "ஊறட்டும் மதினி". வேற சொல்லே தெரியாது போல.

சும்மா உட்கார முடியாம ஒரு துண்டுக் காகிதத்துல எழுதுனது:

புளி – கொஞ்ச நேரம். வெந்நீர்னா இன்னும் சீக்கிரம்.
உளுந்து – ரெண்டு மணி. கூடிப் போனா மாவு கெட்டுச்சுன்னு எஸ்தர் முகம் தூக்குவா.
கொண்டைக்கடலை – ராத்திரி முழுக்க. மறந்துட்டா மறுநாள் சண்டை.
ரஸ்க் – டீயில ஒரே முக்கு. ரெண்டாவது முக்குக்கு உள்ளயே விழுந்துரும்.
சாக்பீஸ் கறை பட்ட வேட்டி – ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷமாச்சு, அந்த வேலை இல்ல.
என் காலு – கால் மணி.

எட்டாங்கிளாஸ்ல ஒரு பய கேட்டான், நனையிறதுக்கும் ஊறுறதுக்கும் என்ன சார் வித்தியாசம்னு. நேரம்டான்னு சொன்னேன். மழையில ஓடி வந்தா நனைஞ்சிருக்கே. மழையிலேயே கிடந்தா ஊறிருக்கே. கெட்டியா இருக்கிறது விட்டுக்குடுக்கிற வரைக்கும் தண்ணியிலேயே கிடக்கணும், அதுதான் ஊறுறது. வகுப்பே கைதட்டுச்சு. தமிழ் வாத்தியாருக்கு எப்பவாச்சும்தான் அது நடக்கும்.

எங்கம்மா தண்ணிக்குள்ள எம்புட்டு நேரம் நின்னா?

இதை எதுக்கு எழுதுனேன்.

நவம்பர் 6, வியாழன்

எழுதிட்டதால முழுசா எழுதிர்றேன். இந்த நோட்டை யாரு பார்க்கப் போறா.

அம்மா கைக்குழந்தையிலேயே நம்ம கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவ. பாதிரி ஐயர் நெத்தியில தண்ணி தெளிச்சு, பேர் வச்சு, ரிஜிஸ்தர்ல எழுதி, எல்லாம் முறையா. எழுபத்தெட்டு வயசுல கொ.ப. வந்து அது செல்லாதுன்னான். அவன் சபையில முழுசா முங்கி எழுந்திரிச்சாத்தான் ஞானஸ்நானமாம். நான் அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்த நேரம் பார்த்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டான். திருவாதவூர் பக்கம் யாரோட தோட்டத்துலயோ பம்ப்செட் தொட்டி. மார்கழி மாசம், காலங்காத்தால. மூணாம் நாள் நெஞ்சுச் சளி. ஒன்பதாம் நாள் பெட்டி.

கல்லறையில மண்ணு போடுறப்ப, அம்புட்டுச் சனத்துக்கும் முன்னாடி சொன்னேன். "நீதான்டா கொன்ன." அதோட சரி.

இன்னைக்குக் கட்டுப் பிரிக்கும்போது சிவப்பு கூடியிருக்குன்னு எஸ்தர்கிட்ட காட்டினான். அவ கண்ணை மூடிக்கிட்டே தலையாட்டுனா.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. பத்தாச்சு, பதினொண்ணாச்சு, ஆளக் காணோம். பன்னெண்டு மணிக்கு எஸ்தர் மெல்லச் சொல்றா: "இன்னைக்கு வரமாட்டாராம். சபையில உபவாச ஜெபமாம். நாளைக்கு வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்னாரு."

தொட வேண்டாமாம். இவன் யாரு எனக்கு உத்தரவு போட? அவ மாவரைக்கப் போனா. காலைத் தூக்கி ஸ்டூல்ல வச்சேன். சலைன் பாட்டில் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எடுக்கல. துணி ஓரத்தைப் பிடிச்சு ஒரே இழுப்பு.

சதையோட வந்துருச்சு. இத்தனை நாளாக் கஷ்டப்பட்டு வந்த சிவப்பு அம்புட்டும் துணியில. பேசின்ல ரத்தம். எஸ்தர் வந்து பார்த்துட்டுச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா.

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?"

எவன் வராமப் போனானோ அவனைக் கேளுன்னேன்.

நவம்பர் 8, சனி

வந்தான். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். என்ன நடந்துச்சுன்னு கேக்கவே இல்ல. காஸ் புதுசா வச்சுக் கட்டிட்டு அடுப்படிக்குப் போயி எஸ்தர்கிட்ட ஏதோ பேசினான். போனப்புறம் அவ சொல்றா, நேத்து உபவாசமே என் விரலுக்காகத்தானாம். மைக்குல என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுனாங்களாம்.

யாருடா கேட்டா உங்களை? என் விரலுக்கு மைக்கு ஒண்ணுதான் குறைச்சல்.

ச. இருநூத்தி அறுபது.

நவம்பர் 12, புதன்

நாலு நாளா எழுதல. எழுத ஒண்ணும் இல்ல. விரல் நுனி கருத்துக்கிட்டு வருது. தினம் வர்றான் (ஞாயித்துக்கிழமை மட்டும் சபை முடிஞ்சு சாயங்காலம்), ஊத்துறான், உட்கார்றான். "ஊறட்டும்"னு சொல்றது கூட நின்னுபோச்சு.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரம்மா கட்டைப் பிரிச்சதும் முகம் மாறுச்சு. "நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே. யாரு இதைக் காய வச்சுப் பிடுங்குனது?"

நான் சுவர்ல இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கொ.ப. பின்னாடி நின்னவன் முன்னாடி வந்தான். "நான்தான் மேடம். ஒரு நாள் வராம விட்டுட்டேன்."

"முப்பது வருஷம் சர்வீஸ்னு சொன்னீங்க? படிக்க வந்த புள்ளைங்க கூட இப்படிப் பண்ணமாட்டாங்க." வெளியில நின்ன பேஷண்ட் எல்லாம் கேக்கிற மாதிரி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டான். எஸ்தர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

திங்கட்கிழமை விரல் எடுக்கிறாங்க.

ஆட்டோவுல மூணு பேரும் திரும்புனோம். கே.கே. நகர் வளைவுல இறங்கிக்கிறேன்னு சொல்லி மழையோட நடந்து போனான். நன்றி சொல்லணுமாம், எஸ்தர் சொல்றா. எதுக்கு? நானா சொல்லச் சொன்னேன்? எவனும் என் பாவத்தைச் சுமக்க வேண்டாம். சிலுவையில ஒரு ஆளு சுமந்தது போதும். இவனும் வேற எதுக்கு?

எனக்கு வெக்கமா இருக்கு. எழுதிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். எஸ்தர் கோயிலுக்குப் போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு படுத்திருந்தேன். பத்து மணிக்குக் கதவு தட்டுற சத்தம். எந்த மழைக்கும் புயலுக்கும் ஞாயித்துக்கிழமை சபையை விடாதவன், மஞ்சப் பையோட நிக்கிறான். இன்னைக்கு பிரைஸ் த லார்ட் இல்ல.

பேசின். சலைன். ஸ்டூல். எதுனாலும் சொல்லிவிட எஸ்தர் இல்ல. தெருவுல கோலப்பொடிக்காரன் கூவிக்கிட்டுப் போனான்.

அஞ்சு நிமிஷம் இருக்கும்.

"நான்தான் பிச்சேன்"னு சொன்னேன். எட்டு வருஷத்துல அவனைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு.

"தெரியும்ணே."

சலைனை இன்னும் கொஞ்சம் ஊத்தினான். நான் அவன் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்மா கை மாதிரியே, கட்டை விரல் நகம் அகலமா.

அப்புறம் காலைப் பார்த்துக்கிட்டே சொல்றான். "அன்னைக்குப் பாஸ்டர் ஜெபம் நீண்டுபோச்சுண்ணே. அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டே இருந்தா. நடுங்குனா. தூக்கிருவோமான்னு நினைச்சேன். ஜெபத்துக்கு நடுவுல எப்படித் தூக்கன்னு நின்னுட்டேன். கால் மணி நேரம் இருக்கும்ணே."

சொல்லணும்னு எட்டு வருஷமா சேர்த்து வச்சிருந்தது எம்புட்டோ.

துணி விட்டுருச்சு. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். எடுக்கக் கையை நீட்டினான்.

"இருடா டேவிட்டு"ன்னேன். "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."