நேவி லொறிக்கு ஒரு பெட்டி

1959 ஏப்பிரல் 19

லொறியின் செசியை, அடிச்சட்டத்தை, இன்று அறுத்தேன். வாள் இரும்புக்குள் இறங்கும்போது பல் கூசியது. வெள்ளைக்காரன் நேவிக்கென்று செய்வித்த சாமான். துறைமுகத்து நேவி யாட்டில் ஆறு வருஷம் நானே எண்ணெய் விட்டு, நானே கழுவி வைத்திருந்த லொறி. அவர்கள் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது எனக்கு வேலை போனது, லொறி ஏலத்துக்கு வந்தது. விடுவேனா? எடுத்துவிட்டேன். நாலு சில்லும் இழுக்கும். கிண்ணியா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடையாது.

பின்னால் நாலடி கூட்டி ஒட்டப்போகிறேன். நெல் மூட்டை கூட ஏறும், விறகு கூட ஏறும். மாமிக்கு மட்டும் இது இன்னும் பழைய இரும்புதான். முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். வீட்டோடு இருக்கிற மருமகன் என்ன பேச முடியும்?

மே 3

மாமி இன்று லொறியைச் சுற்றி வந்து பார்த்தார்! மூக்கைப் பொத்தவில்லை.

விஷயம் இதுதான். மச்சினன் கலீலுக்கு மூதூரில் பெண் சரி வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம். மூன்றாம் நாள் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அத்தனை பேரை எதில் ஏற்றுவது? மாமி என் முகத்தைப் பார்க்காமல், சில்லைப் பார்த்துச் சொன்னார்: “பொம்புளைகள் ஏறுற வாகனம் எண்டா வெளிய ஒரு நகம் தெரியப்படாது. பெட்டி மாதிரி இருக்கணும்.”

பெட்டிதானே? செய்து காட்டுகிறேன்.

மே 17

அலியார் காக்கா பெட்டி அடிக்கிறார். முழுக்க முதிரைப் பலகை. ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. துளைபோட்டுத் துளைபோட்டு அடிக்கிறார். கோடரியால் கொத்தினாலும் அசையாது, அபூதாஹிர், உன் பேரப்பிள்ளைகளும் இதில்தான் போவார்கள் என்றார். மேலே காற்றுப் போக விரலளவு இடைவெளி, அவ்வளவுதான். பின்கதவுக்கு வெளியால் யாட்டிலிருந்து வந்த பெரிய இரும்புத் தாழ்ப்பாள் போட்டேன். எந்தக் குழியில் விழுந்தாலும் கதவு தானாகத் திறக்காது.

சில்லுக் கழற்ற ஆள் இல்லை. பெண்சாதி நஜ்முனைக் கூப்பிட்டு, லொறியைத் தூக்குகிற ஜக்கைச் சுற்றச் சொன்னேன். முதலில், “நானா?” என்று சிரித்தாள். பிறகு அவள் சுற்றச் சுற்ற லொறி எழும்புவதைப் பார்த்து, “இந்தச் சின்னச் சாமானா இம்பிட்டுப் பாரத்தைத் தூக்குது?” என்று மறுபடி மறுபடி ஏற்றி இறக்கிப் பார்த்தாள். போகும்போது கதவடியில் நின்றாள்.

“உள்ளுக்கு இருந்து இதை எப்பிடித் துறக்குற?”

“உள்ளுக்கு இருந்து ஏன் துறக்கணும்? நான் வெளிய இருக்கன்தானே?”

தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு மாதமாய் நான் நாய்படாப் பாடு படுகிறேன், வந்து ஒரு நிமிஷம் நின்று குறை சொல்லியாகிவிட்டது.

யூன் 28

பச்சை நிறம் அடித்தாயிற்று. நேவிச் சாம்பல் ஒரு பொட்டும் தெரியவில்லை. மாமி தன் கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வல்லாஹி, இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் முதல் தடவை.

யூலை 5

நெல் ஏற்றி மூதூருக்கு வெள்ளோட்டம். கங்கை ஆற்றில், வாகனங்களை அக்கரை சேர்க்கிற மிதவைப் பாதையில், பாதைக்காரர் குலசிங்கத்தோடு வாய்த்தர்க்கம். லொறி பாதையில் ஏறி நின்றால் வால் வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் பின்பக்கத்து ஏறு பலகையை உயர்த்திக் கட்ட முடியவில்லை. பலகை சரிந்தபடியே கிடக்க ஆற்றைக் கடந்தோம். “இண்டைக்கு நெல்லு, சரி. ஆக்கள் எண்டா இறக்கிப்போட்டுத்தான் ஏத்தவேணும் தம்பி” என்றார். எல்லா வாகனத்துக்கும் உள்ள சட்டம்தான். ஆனால் வாகனத்தில் இருக்கிற பெண்களை அவர் ஒருநாளும் இறங்கச் சொன்னதில்லை, அது அவருக்கும் தெரியும்.

யூலை 13

எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

யூலை 15

எழுதினால் தலை தெளியுமோ என்று பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். பெட்டிக்குள் பதினாலு பெண்கள். மாமி, நஜ்முன், எங்கள் மகள் லைலா, மற்றவர்கள் எல்லாரும் எங்கள் குடும்பத்துப் பெண்கள். பலகாரத் தட்டுகள் வேறு. நானே தாழ்ப்பாளைப் போட்டேன். முதல் பாதை உப்பாற்றில், அதை ஒரு சிரமமும் இல்லாமல் கடந்தோம்.

கங்கையில் தண்ணீர் கலங்கி, வேகமாக ஓடியது. மலைநாட்டில் மழையாம். குலசிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, இண்டைக்கு இறக்குங்கோ. ஓட்டம் சரியில்லை.” இத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படி இறக்குவது, மாமி என்ன சொல்லுவார் என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி ஏற்றுங்கோ என்றார்.

ஏற்றினேன். கைப்பிறேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து இறங்கி நின்றேன். பாதையில் நின்ற ஆண்கள் எல்லாரும் லொறிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பெண்கள் போகிற வாகனம். எங்கள் பகுதியில் யாரும் சொல்லாமலே செய்கிற மரியாதை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றபடியால்தான் கட்டை நழுவியதை ஒருத்தரும் காணவில்லை. அத்தனை கண் இருந்தும் ஒரு கண் லொறியில் இல்லை!

நடு ஆற்றில் ஒரு இழுப்பு. பாதை பின்பக்கம் தாழ்ந்தது. திரும்பினால், கைப்பிறேக் தாங்காமல், என் லொறி அந்தச் சரிந்த பலகை வழியே தானாகப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் முன்பம்பரைப் பிடித்தேன். பிடித்து என்ன செய்ய? அடிப்பக்கம் பாதையின் விளிம்பில் தட்டி நின்றது. முன்சில்லு இரண்டும் ஆகாயத்தில். பெட்டியின் பின்பாதி தண்ணீருக்குள்.

உள்ளே கத்தினார்கள். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

குதித்தேன். தாழ்ப்பாள் தண்ணீருக்குள் கையில் பட்டது. இழுத்தேன், வரவில்லை. உள்ளே அத்தனை பேரும் சரிந்து கதவில்தான் விழுந்து கிடந்தார்கள். அந்தப் பாரம் தாழ்ப்பாளை இறுக்கிவிட்டது. என் நகம் பிய்ந்தது. மேலே வந்து மூச்சு எடுத்து மறுபடி போனேன். வரவில்லை. குலசிங்கம் கோடரியோடு பக்கப் பலகையைக் கொத்தினார். முதிரை. கோடரி தெறித்தது. யா அல்லாஹ், நான் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்!

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பலகை முறிகிற சத்தம், உள்ளே இருந்து. மேல்பக்கத்தில் ஒரு பலகை வெளியே வளைந்தது. இன்னும் வளைந்தது. ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. அந்த இடைவெளியால் என் ஜக்கின் தலை வெளியே வந்தது.

நஜ்முன். பெட்டிக்குள் ஆசனத்துக்குக் கீழே நான் போட்டிருந்த ஜக்கை எடுத்து, எட்டாத தூரத்துக்கு ஆசனப் பலகையையும் முட்டுச் சேர்த்து, ஒரு பக்கப் பலகைக்கும் மறுபக்கப் பலகைக்கும் நடுவில் குறுக்கே கொடுத்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று சுற்றியிருக்கிறாள்.

முதலில் லைலாவைத்தான் வெளியே தள்ளினார்கள். ஆண்கள் அப்போதும் தயங்கினார்கள். பெண்களின் தலையில் முக்காடு இல்லை. கை கொடுப்பதா, முகத்தைத் திருப்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். குலசிங்கம்தான், “தங்கச்சி, கையைத் தாங்கோ” என்று முதல் கையைப் பிடித்தார். பிறகு எல்லாரும் பிடித்தார்கள். சால்வையையும் சேட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

கடைசியாக வந்தவள் நஜ்முன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: “நான் அண்டைக்குக் கேட்டன்.”

யூலை 17

மாமிக்குத் தோள் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில். லைலா பேசவில்லை. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை.

யூலை 20

வீடு நஜ்முனுடையது. கலியாணத்துக்கு மாமி எழுதிக்கொடுத்தது. அவள் போகச் சொல்லவில்லை. நானே பாயைச் சுருட்டிக்கொண்டு, கங்கையிலிருந்து இழுத்து வந்த லொறி நிற்கிற கொட்டிலுக்கு வந்துவிட்டேன். அவள் சாப்பாடு அனுப்புகிறாள். தான் வருவதில்லை. அவளுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

யூலை 26

ஒருத்தராவது என்னை ஏசினால் நல்லது. ஊரில் எல்லாரும் அல்லாஹ் காப்பாற்றினான் என்கிறார்கள், தோளைத் தட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமி கையைத் துணித் தொட்டிலில் தொங்கப் போட்டுக்கொண்டு, “பெட்டியில குறை இல்லை மகன். ஆத்துலதான் குறை. திரும்ப அடிங்க” என்றார்.

மகன் என்றார். ஏழு வருஷமாய் நான் ஏங்கிய சொல். வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓகஸ்ட் 4

இன்று நடந்ததை யாரிடம் சொல்ல? இலங்கைத்துறைப் பக்கத்திலிருந்து ஒரு மனுசன் தேடி வந்தான். அவனிடமும் பழைய பட்டாளத்து லொறி ஒன்று இருக்கிறதாம். என்னுடைய பெட்டியின் அளவு வேண்டுமாம். கோடரிக்கே மசியாத பெட்டி என்று கேள்விப்பட்டானாம்! தாழ்ப்பாள் எங்கே வாங்கினது என்று கேட்டான்.

ஸ்பேனரோடு எழும்பிவிட்டேன். அவன் ஓடிவிட்டான். பிறகு சைக்கிளில் துரத்திப்போய்ப் பிடித்து, நடந்ததை எல்லாம் றோட்டில் வைத்துச் சொன்னேன். என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். உள்ளுக்கும் ஒரு கொளுக்கி போடு, வாலை நீட்டாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

ஓகஸ்ட் 9

அலியார் காக்காவும் நானும் பெட்டியைக் கழற்றினோம். அடித்ததைவிடக் கழற்றத்தான் பாடு. உள்பக்கப் பலகையில் நகக்கீறல்கள் இருந்தன. அதைக் கண்டதும் அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓகஸ்ட் 16

ஒட்டிய வாலை வெட்டி எறிந்தேன். லொறி பழைய நீளம். சுற்றிவர இடுப்பளவு பலகை மட்டும், பின்கதவுக்கு உள்ளுக்கிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற கொண்டி. நெல் ஏற்றலாம். பெண்களை ஏற்றமாட்டேன்.

ஓகஸ்ட் 30

லைலா இன்று ‘உம்மா’ என்றாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது. கொட்டிலில் இருந்து அழுதேன்.

செப்ரெம்பர் 13

கலீலின் பெண்சாதிக்குச் சுகமில்லை என்று மூதூரிலிருந்து ஆள் வந்தது. காலையில் நஜ்முன் லைலாவையும் கூட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் நிற்கிறாள்! பின்னால் இன்னும் நாலு பெண்கள். பெட்டி இல்லை, திறந்த லொறி என்றேன். பார்த்தால் தெரிகிறது என்றாள். முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். லைலா ஏற மாட்டேன் என்று உம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நஜ்முன் அப்படியே அணைத்தபடி தூக்கிக்கொண்டு ஏறினாள்.

உப்பாற்றில் ஒருவரும் சொல்லாமலே பெண்கள் இறங்கினார்கள். கங்கையிலும் இறங்கினார்கள். ஆண்கள் வழக்கம்போல முதுகைத் திருப்பப் பார்த்தார்கள். குலசிங்கம், “லொறியைப் பாருங்கோ, ஆளுக்கொரு சில்லைப் பாருங்கோ” என்று அதட்டினார். பார்த்தார்கள். நஜ்முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். அவளுடைய உள்ளங்கை இன்னும் சிவப்பு.

அக்கரையில் லொறியை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். மற்றப் பெண்கள் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. லைலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. முதல் கியரில் போட்டு அவளுக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஓட்டினேன். வெயில். மணல் றோட்டு. எதிரில் வந்த வண்டிக்காரன் இதென்ன ஊர்வலம் என்று பார்த்துவிட்டுப் போனான்.

கொஞ்சத் தூரம் போனதும் நின்றாள். என் கதவுப் பக்கம் வந்தாள். முகம் வியர்த்திருந்தது. லைலாவைத் தூக்கி, யன்னலால் என் மடியில் தந்தாள்.

“இவளுக்குக் கால் நோகுதாம். பாத்து ஓட்டுங்க.”

மறுபடி முன்னால் நடந்தாள். லைலா நடுங்கினாள், ஆனால் இறங்கவில்லை. என் சேட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு றோட்டு சரியாகத் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

இறால்குழி ஊருக்கு இந்தப் பக்கம் ரேடியேற்றர் கொதித்துவிட்டது. நடை வேகத்தில் இவ்வளவு தூரம் ஓட்டினால் எந்த எஞ்சின் தாங்கும்? நிறுத்தினேன். முன்னால் போய்க்கொண்டிருந்தவள் சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். றோட்டோரத்தில் ஒரு நிழலில் போய் உட்கார்ந்து, நாங்கள் வரும்வரை காத்திருந்தாள்.