கைதட்டலை வெட்டிய கேசட்

12-8-83, வெள்ளி

சூரமங்கலத்தில் என்னைப் போலக் கேசட் பதிவு செய்ய ஆள் கிடையாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் லாரி டிரைவர் பழனிசாமி கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை.

பம்பாயில் கேட்டுப் பிடித்துப்போய் ஓர் ஆங்கில இசைத்தட்டு வாங்கிவந்து, கேசட்டில் பதியத் தந்திருந்தார். வயதான ராக் பாடகர் ஒருவர் மேடையில் பாடியது. பாட்டுக்குப் பாட்டு கூட்டம் கைதட்டித் தீர்க்கிறது. வழக்கம்போல அந்த இரைச்சலை வெட்டிவிட்டு, மிச்சமான நாடாவில் இரண்டு தமிழ்ப் பாட்டை இனாமாக ஏற்றிக் கொடுத்தேன். ஒட்டுத் தெரியாத வேலை.

இன்று மதியம் இசைத்தட்டையும் கேசட்டையும் மேஜையில் வைத்தார்.

"ஏனுங்க, கைதட்டறதைக் காணோமே?"

"அது வெறும் சத்தமுங்க."

"எனக்குப் பாட்டு எங்கீங்க புரியுது? ராத்திரி ஒத்தையில வண்டி ஓட்டறப்ப, அத்தனை சனமும் கூட வர்றாப்பல இருக்குமுன்னுதானுங்க வாங்கியாந்தேன்."

அவர் போனதும் தட்டை முழுதாகக் கேட்டேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் பாடகருக்கு மூச்சு வாங்குகிறது. இருமுகிறார். அதற்கும் கைதட்டுகிறார்கள்.

நாளைக் காலை முதல் வேலை, கைதட்டலோடு முழுத்தட்டையும் மறுபடி பதிவதுதான். நான் பதிந்தால் அந்த இருமலும் சுத்தமாகக் கேட்கும்.