வெறும் வானம் பிடித்த பிலிம்

அண்ணே,

கஞ்சிக்கோட்டில் உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, உங்கள் மனைவி என் கையில் ஒரு பிலிம் டப்பாவைத் தந்தார். திறந்ததும் குப்பென்று புளித்த நெடி. "உங்களைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்கு எடுத்ததுங்க. ஒண்ணுக்கும் ஆகாதுன்னு ராக்கெட் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. வேலையும் போச்சுங்க. அப்புறந்தான் இங்க பேக்டரிக்கு வந்தாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுபதுகளில் ஒரு மாலை. வண்டன்மேட்டில் எங்கள் ஏலத்தோட்டத்து மேட்டில் நீங்கள் ராக்கெட் ஆபீஸ் கேமராவோடு காத்திருந்தீர்கள். நிறைமாத வயிற்றோடு, என்ன படம் என்று கேட்டேன். "பேரியம்னு ஒரு மருந்தை ராக்கெட்ல கொண்டுபோயி மேல தெறந்து உடுவாங்க அம்மிணி. வெயில் பட்டா அந்த ஆவியில மின்சாரம் ஏறி அலையடிக்கும். அதை ராக்கெட்ல இருக்கற கருவி புடிச்சுக்கும். அந்த ஆவி மேகம் அப்ப எங்க நின்னுச்சுன்னு எம்படந்தான் சொல்லோணும்."

பொழுது சாயும்போது எனக்கு வலி எடுத்தது. அதே நேரம் வானத்தில் பச்சையாக ஓர் உருண்டை விரிந்தது. அதிலிருந்து ஊதாக் கீற்று ஒன்று நீண்டது. ஐயோ, விஷயம் தெரிந்த நானே பயந்துபோனேன். கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது என்பது எங்கள் லயத்து வீடுகளின் வழக்கம். இதுவும் கிரகணம்தான் என்று மாமியார் கதவைத் தாழிட்டுவிட்டார். "அது மறையட்டும்டி. புள்ள ஊனமாப் பொறந்தா யாரு பொறுப்பு?" பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் வந்துவிடு என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். நான் சொல்லி யார் கேட்டார்கள்?

என் அலறல் கேட்டு ஓடிவந்து கதவை இடித்தீர்கள். "ஏனுங்கம்மா, அது கெரகணமில்லீங்க, நாங்க உட்ட மருந்துங்க! எம் பொண்டாட்டியும் மாசமாத்தான் இருக்கா. கெட்டதுன்னா இந்த வேலைய நான் செய்வனுங்களா?"

கதவு திறந்தது. உங்கள் ஜீப்பில்தான் போனோம். நானும் பிழைத்தேன், மகளும் பிழைத்தாள்.

வழியில் கேமராவைப் பற்றிக் கேட்டேன். "அது பாட்டுக்கு ஓடுது அம்மிணி" என்றீர்கள். மேகம் நகர நகரக் கையால் திருப்ப வேண்டிய கேமராவாம் அது. உங்கள் மனைவி சொல்லி இப்போதுதான் தெரிகிறது. பாவி மனுஷா, இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்தேன். முதல் சில கட்டங்களில் உருண்டை தெரிகிறது. பிறகு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அப்புறம் கடைசிவரை வெறும் வானம்.

மகள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே?"

வெறும் வானம் விழுந்த கட்டத்தைத் தொட்டு, "இந்த எடத்துலதான்டி நீ பொறந்த" என்றேன்.