நீ வெள்ளை என்று சொன்ன நிறம்

நேற்று உன் வீட்டுக்குள் நுழையும்போதே பெயின்ட் வாடை முகத்தில் அடித்தது. ஒன்றேகால் வருடம் வெறும் பட்டி போட்ட சுவராக நின்ற வீட்டுக்கு அன்றுதான் பெயின்டர் வந்திருந்தார். காலையிலேயே உன் மனைவி ஸ்டெல்லா போன் செய்து, "அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். படிக்கட்டுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த உன் டின்னைத் திறந்து, ஹால் சுவரின் ஓரத்தில் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்திருந்தார்கள். பட்டியின் வெள்ளைக்குப் பக்கத்தில் அது பழைய பல்லின் நிறத்தில் இருந்தது.

"அவரு வெள்ளைதான வாங்கியாரேன்னு போனாரு? நீங்களும் கூடத்தான போனீங்க. இது இன்னாணா, மஞ்சளா கீது? கடக்காரன் ஏமாத்திட்டானா?" ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நீ. அதனால்தான் நடந்ததை உனக்கே எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். சர்ச்சில் ஆராதனை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாய். அதிலிருந்து மூன்றாவது வாரம் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி வீட்டைப் பிரதிஷ்டை செய்வதாக ஏற்பாடு. அதற்குள் சுவர்களை முடித்துவிட வேண்டும் என்று அவசரம் உனக்கு. இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனோம். வெள்ளை என்று கேட்டதுமே கடைக்காரர் தலையாட்டினார்.

"கம்பெனிங்க பக்கத்துல ஊடு. வெள்ளை நிக்காதுபா. ஆறு மாசத்துல கருத்துப்பூடும். சாம்பல் கலர் அடிச்சிக்கினு போ, அழுக்கு தெரியாது."

"பகலெல்லாம் கரியிலதான நிக்கறேன். ஊட்லயாவது திரும்பின பக்கமெல்லாம் வெள்ளையா இருக்கட்டும்" என்றாய். நீ அதைச் சிரிக்காமல் சொன்னாய். "ஒயிட்டுன்னா எந்த ஒயிட்டு?" என்று கேட்டுவிட்டு நிற அட்டைகளை மேசை மேல் பரப்பினார். ஒன்று பால் மாதிரி. ஒன்றில் லேசாக நீலம் ஓடியது. ஒன்று முத்து. கடைசி அட்டை யானைத் தந்தத்தின் நிறம்.

நீ ஒவ்வொன்றையும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தாய். வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தாய். திரும்பி வந்து அந்தக் கடைசி அட்டையில் விரலை வைத்தாய்.

"இதான் சுத்த வெள்ளை. இதையே குடுங்க."

நான் சிரித்துவிட்டேன். "டேய், அது சந்தனம்டா." நீயும் சிரித்தாய், ஆனால் கொஞ்சம் தாமதமாக. "ஸ்டெல்லாக்கு இதான் புடிக்கும்" என்றாய். கடைக்காரர் டின்னை எடுத்து வைத்தார். எனக்கு அதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவர் எதிரில் கேட்க மனம் வரவில்லை.

ஆறு மாதமாக நீ வண்டி ஓட்டவில்லை என்பதே திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. டயர் சரியில்லை, இடுப்பு வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு என் பின்னால் ஏறிக்கொள்வாய். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"கண்ணு தெர்லயாடா?"

மடியில் டின்னை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த நீ அதன் மூடியைத் தடவினாய்.

"இடது கண்ணு சுத்தமா போச்சு மச்சான். வலதுல பனி பெஞ்சா மாதிரி கீது. எல்லா அட்டையும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஆபரேஷன் பண்ணா சரியாப்பூடும்."

"போலாம். ரெஸ்ட்ல இருன்னுவாங்க. நான் கான்ட்ராக்ட் ஆளு. ஒரு மாசம் நின்னா என் எடத்துல வேற ஒருத்தன் நிப்பான். பிரதிஷ்டை முடியட்டும். அது வரிக்கும் வாயத் தொறக்காத. ஸ்டெல்லாகிட்டயும் சொல்லாத."

சரி என்றேன்.

பதினெட்டு வருடம் இரும்பு உருகும் உலைக்கு முன்னால் நின்ற கண்கள் உன்னுடையவை. உலை வெளிச்சம் கண்ணைத் தாக்காமல் போட்டுக்கொள்ள ஷிப்டுக்கு ஒன்றாக இருந்த நீலக் கண்ணாடியைப் பாதி நாள் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். நான் உன்னைப் போல் உலையடியில் நிற்கவில்லை. பத்தாவது பாஸ் செய்தவன் என்பதால் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று டூட்டி சார்ட் எழுதினேன். உன்னை லாரி எடை போடும் இடத்துக்கு மாற்ற ஒரே ஒரு வரி போதும். ஏன் என்று போர்மேன் கேட்பார், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் உன் வேலை போகும். இப்படியே யோசித்து யோசித்துத் தினமும் காலையில் உன் பெயரை உலைக்கு நேராகவே எழுதினேன். என் கையெழுத்துதான் அது. இப்போதும் அந்தத் தாள்கள் பைலில் இருக்கின்றன.

பதினான்காம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நான்கு பேரோடு வெளியிலிருந்து ஷெட்டுக்குள் வந்தாய். நல்ல வெயில். உள்ளே இருட்டு. உலைக் கசடு கொட்டும் குழியின் இரும்புத் தகட்டைச் சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டவில்லை. மற்ற நால்வரும் ஒதுங்கி நடந்தார்கள். நீ டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தாய்.

குழிக்குள் கசடு இன்னும் ஆறியிருக்கவில்லை. உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வேறு எதையும் இங்கே எழுத என்னால் ஆகாது. சென்னைக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் உனக்கு நினைவு இருந்தது. "ஸ்டெல்லாகிட்ட சொல்லாத" என்று இரண்டு முறை சொன்னாய். எதை என்று நான் கேட்கவில்லை. செங்குன்றம் தாண்டியதும் நீ பேசுவதை நிறுத்திவிட்டாய்.

உன்னை அடக்கம் செய்த அடுத்த வாரம் விசாரணை. கம்பெனி மேலதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "அவருக்குக் கண் பார்வை எப்படி இருந்தது?"

மற்றவர்கள் ஒதுங்கிப் போன குழியில் நீ மட்டும் விழுந்தாய் என்றால் தப்பு உன்னுடையது என்று எழுத அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. நான் அதைக் கொடுத்திருந்தால் ஸ்டெல்லாவுக்கும் உன் மகளுக்கும் நஷ்டஈடு ஒன்றும் கிடைத்திருக்காது.

"நல்லா இருந்திச்சு சார். என்னவிட நல்லா தெரியும். தகடு தொறந்து கெடந்திச்சு, கயிறு கட்டல" என்றேன். பாதி பொய், பாதி உண்மை. இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

நேற்று உன் ஹாலில் நின்றபோது ஸ்டெல்லாவிடமும் அப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை போதும். முடியவில்லை. பெயின்டரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்புலன்ஸில் நீ சொன்னதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எத்தினி நாளு முன்னாடி தெரியும்?"

"பதினாலு நாள்."

"பதினாலு நாளும் நான் டிபன் கட்டிக் குடுத்து அனுப்பிக்கினு இருந்தேன்." பிரஷ் இழுத்த இடத்தை விரலால் தொட்டபடி, "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கால்ல உய்ந்தாவது ஊட்ல நிறுத்தி வெச்சிருப்பேன். ஊடு அப்பறமா கட்டிக்கலாம்" என்றாள்.

விசாரணையில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசல்வரை வந்தாள். "வேற பெயின்ட் வாங்கிக்கறேன். பிரதிஷ்டைக்கு நீங்க வரவேணாம்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. விசாரணையில் சொன்ன பொய்யை எத்தனை முறை கேட்டாலும் மறுபடியும் சொல்வேன். ரயில்வே கேட்டில் உனக்குக் கொடுத்த வாக்கைத்தான் நான் காப்பாற்றியிருக்கக் கூடாது.

போன மாதம் உலையடியில் ஒருவன் படியைக் காலால் துழாவி இறங்குவதைப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக் கெஞ்சினான், மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. போர்மேனிடம் கூட்டிக்கொண்டுபோய், கண் தெரியவில்லை என்று அவன் எதிரிலேயே சொன்னேன். அன்று மாலையே அவனை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று, "நீயெல்லாம் நல்லாவே இருக்க மாட்டே" என்று மண்ணை வாரித் தூற்றினான். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். திருப்பத்தில் மறையும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன் காலால் நடந்துதான் போனான்.